சுருதி விலகின இடம்

கண்ணைத் திறக்கக் கூடாது என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், ஆபிதாவுக்கு இமைக்குள் அரிப்பு எடுத்துவிடும். இப்போதும் எடுத்தது. கண்ணின் மேல் வைத்திருந்த சின்னத் துணிப்பைக்குள் ஏதோ விதையை நிரப்பி ஏதோ பூவின் தைலத்தைத் தெளித்திருந்தார்கள். வாசனை நல்ல வாசனைதான், அதனாலேயே எரிச்சலாக வந்தது. தில்லைநகரில் ஒரு திரைச்சீலைக் கடையின் மாடி, ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி, பதினாறு பேர் வரிசையாக மல்லாந்து கிடக்கிறார்கள், கழுத்து வரை வெள்ளைப் போர்வை. வரிசையாக, மல்லாந்து, வெள்ளைப் போர்வை. இந்தக் காட்சியை எங்கே பார்த்திருக்கிறோம் என்று மனசு தேடப் போயிற்று, பதிலை எடுத்துக்கொண்டு திரும்பி வருவதற்குள் அவள் அதன் வாயைப் பொத்தினாள். இன்றைக்கா அந்த வார்த்தை, நாளைக்குக் காலை ஏழு மணிக்கு அம்மாவை ஆப்பரேஷனுக்கு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய இந்த இன்றைக்கா. சேர்க்க வேண்டிய. சேர்ப்போமா என்பதுதான் தெரியவில்லை. அம்மா இன்னும் சரி என்று சொல்லவில்லை. "இத முடிச்சிட்டு சொல்றேன்டி" என்றுதான் ஆட்டோவில் வரும்போது சொன்னாள், தன் தையல் கடையில் யாராவது ஜாக்கெட் எப்போது கிடைக்கும் என்று கேட்டால் சொல்கிற அதே குரலில். வலது பக்கம், ஒரு முழ தூரத்தில், அதே அம்மா கிடக்கிறாள். மூச்சு கேட்கிறது. கேட்கிறதா? ஏசி சத்தமா அது? இல்லை, மூச்சுதான், இழுத்து, நின்று, விட்டு. நடுவில் எதற்கு அந்த நின்று?

எல்லாரும் மூச்சை உடம்பெங்கும் அனுப்புங்கள் என்றாள் காத்யாயனி. இந்த இடத்தை நடத்துகிறவள், நாற்பது வயதிருக்கும், பன்னிரண்டு வருஷம் பாட்டு கற்றுக்கொண்டு கச்சேரிக்குத் தயாரான சமயத்தில் தொண்டையில் முடிச்சு விழுந்து குரல் போய், பிறகு தட்டினால் ரீங்கரிக்கிற இந்தக் கிண்ணங்களிடம் வந்து சேர்ந்தவள் என்று ஆரம்பத்திலேயே தன் கதையைச் சொல்லியிருந்தாள். கர்நாடக ராகம், சூஃபிகளின் திக்ரு, திபெத்துக் கிண்ணம் மூன்றையும் சேர்த்து ஒலியால் உடம்பைச் சீர் செய்வது என்று வாசலில் பலகை. மூச்சை உடம்பெங்கும் அனுப்புவதாம். மூச்சு நுரையீரலுக்குப் போகும் அம்மணி, முழங்காலுக்குப் போகாது. இது முதல் பாயிண்ட். ஆபிதா வீட்டிலேயே ஏழு பாயிண்ட் தயார் செய்து வைத்திருந்தாள், கடைசியில் எல்லாரும் வட்டமாக உட்கார்ந்து பேசுகிற நேரம் ஒன்று உண்டென்று கேள்விப்பட்டதிலிருந்து. எம்.எஸ்ஸி இயற்பியல் இரண்டாம் வருஷம், பல்கலைக்கழகத்தில் அவள் வாயைத் திறந்தால் பேராசிரியர்களே நாற்காலியை நகர்த்தி உட்கார்வார்கள். ஒலி என்பது அழுத்த மாறுபாடு, அதற்கு நல்லது கெட்டது தெரியாது, கட்டி எது தசை எது என்று தெரியாது, இது இரண்டாவது பாயிண்ட். இந்த இரண்டாவது பாயிண்டில்தான் ஒவ்வொரு தடவையும் காலில் எதுவோ தட்டுகிறது. அம்மா அதற்குப் பதில் வைத்திருக்கிறாள். போன மாதம் ஸ்கேன் எடுத்த அறையில் சில்லென்ற களிம்பைத் தடவி, வழவழவென்று ஒரு கருவியை நெஞ்சின் மேல் நகர்த்திக்கொண்டே அந்தப் பெண் திரையைப் பார்த்தாள், திரையில் மழை பெய்கிற மாதிரி சாம்பல் கோடுகள், அதற்கு நடுவில் ஓரம் பிய்ந்த ஒரு கறுப்பு. இது எப்படிம்மா தெரியுது என்று அம்மா கேட்டாள். நமக்குக் கேட்காத சத்தத்தை உள்ளே அனுப்புவோம், அது பட்டுத் திரும்பி வரும் என்றாள் அந்தப் பெண். வெளியே வந்து புர்காவின் பொத்தானைப் போட்டுக்கொண்டே அம்மா நிதானமாகக் கேட்டாள்: "சத்தத்தாலதானே கண்டுபுடிச்சாங்க. சத்தத்தால போக்க முடியாதா?" மேடையில் யாராவது இப்படி ஒரு கேள்வியைப் போட்டிருந்தால் ஆபிதா கைதட்டியிருப்பாள். அதிர்வெண், ஆற்றல், குவியம் என்று என்னென்னவோ சொன்னாள். அம்மா கேட்டுக்கொண்டாள். நம்பவில்லை. ஏன் நம்புவாள், நம்பும்படி ஒருத்தி ஏற்கெனவே சொல்லிக் கொடுத்துவிட்டாளே.

முதல் கிண்ணம் ஒலித்தது. தலைமாட்டில் எங்கேயோ தொடங்கி, தரை வழியாக நகர்ந்து வந்து, பின்மண்டையில் ஏறியது. அழகாக இருந்தது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, அதிர்வெண் இருநூறுக்குப் பக்கத்தில் இருக்கும், இரண்டு அலைகள் மோதிக்கொள்வதால் அந்த வூம் வூம், அவ்வளவுதான். வூம். வூம். கைதட்டல் அடங்கும்போதும் இப்படித்தான் இருக்கும், அலையலையாக. அந்த அரங்கில் எழுநூறு பேர். பல்கலைக்கழகத்தின் ஆண்டு விழா, பட்டிமன்றம், நோயைத் தீர்ப்பது மருந்தா இசையா. சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள், ஆபிதாவுக்கு இசை விழுந்தது. மருந்து விழுந்திருந்தால் மருந்து என்று பேசியிருப்பாள், அதுதானே வழக்கம், எந்தப் பக்கம் விழுகிறதோ அந்தப் பக்கத்துக்கு உயிரைக் கொடுப்பது, இறங்கி வந்து எதிர்ப் பக்கத்தோடு டீ குடிப்பது. மேடையில் ஏறுகிற யாருக்கும் தெரியும் இது. கீழே உட்கார்ந்து கேட்பவர்களுக்கும் தெரியும் என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள். முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த தௌலத் பீவிக்குத் தெரியாது. மகள் பேசப் போகிறாள் என்று அன்றைக்குக் கடையை அடைத்துவிட்டு, கல்யாணத்துக்குக் கட்டுகிற சேலையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். "வலி என்பது என்ன நடுவர் அவர்களே? உடம்பில் சுருதி விலகின இடம்தான் வலி. அதைக் கத்தியால் அறுக்காதீர்கள், சுருதி சேருங்கள்." பேருந்தில் வரும்போது டிக்கெட்டின் பின்பக்கம் எழுதினது. ஒரு மூன்று நிமிஷ வேலை. அரங்கம் எழுந்து நின்றது. கத்தியால் அறுக்காதீர்கள் என்றா சொன்னாய், ஆபிதா, அந்த வார்த்தையேவா? அதே வார்த்தைதான். வேறு நூறு வார்த்தை இருந்தது, அறுக்காதீர்கள்தான் அன்றைக்கு வாயில் வந்தது. எதிர்ப் பக்கத்தில் செந்தூரன் பேசினான், அவள் வகுப்புப் பையன்தான், பேச்சுக்குப் புதுசு, வேர்த்து ஒழுகிக்கொண்டு நின்றான். எங்க அத்தைக்குக் கான்சர்னு சொன்னாங்க, நேரத்துக்கு ஆப்பரேஷன் பண்ணாங்க, ஊசி போட்டாங்க, இப்ப இருக்காங்க, அவ்வளவுதாங்க என்றான். அவ்வளவுதாங்க என்று மேடையில் யாராவது சொல்வார்களா. ஆபிதா மைக்கை இழுத்துக்கொண்டாள். "அத்தை இருக்காங்க, சந்தோஷம். ஊசி போட்டப்ப அத்தை 'அம்மா'ன்னு கத்துனாங்களா இல்லையா? அதுல ஒரு இழுவை இருந்துச்சா இல்லையா? அந்த இழுவைக்குப் பேருதான் ராகம்." எழுநூறு பேரும் சிரித்தார்கள். செந்தூரனும் சிரித்தான், வேறு என்ன செய்வான். அம்மாவும் சிரித்தாள், வாயைப் பொத்திக்கொண்டு. கேடயம் இப்போது தையல் மெஷின் மேல் இருக்கிறது, நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில்.

யாரோ குறட்டை விட ஆரம்பித்தார். இடது கோடியில், தடிமனான ஒரு மனிதர், மனைவியோடு வந்தவர். கிண்ணம் ஓய்கிற இடத்தில் சரியாக எடுத்து, அடுத்த கிண்ணம் வருகிற இடத்தில் சரியாக விட்டார், தாளம் தப்பவில்லை. மனைவி இடித்திருக்க வேண்டும், ஒரு ஹக் என்ற சத்தத்தோடு நின்றது. சிரிப்பு வந்திருக்க வேண்டிய இடம். பக்கத்தில் அம்மா சிரித்திருப்பாள் என்று காத்திருந்தாள், அம்மா மூச்சில் ஒரு மாற்றமும் இல்லை. தூங்கிவிட்டாளா? தூக்கமா? அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது, அந்த வயதில் படுத்தவுடன் தூங்குவார்கள், வேறொன்றும் இல்லை. இழுத்து, நின்று, விட்டு. இருக்கிறது. இப்படி ஒவ்வொரு தடவையும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டியதாகிவிட்டது அம்மாவின் மூச்சு, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியில் திரும்பிப் போகிற மாதிரி. முதலில் கட்டியைக் கண்டுபிடித்ததும் அம்மாதான், ஸ்கேன் இல்லை. தனக்கே ஒரு ஜாக்கெட்டுக்கு அளவெடுக்க டேப்பை நெஞ்சைச் சுற்றிப் போட்டவள் வலது பக்கம் விரல் நின்ற இடத்தில் நின்றுவிட்டாள். அப்புறம் டேப்பைச் சுருட்டி வைத்துவிட்டு வேறு யாருடையதோ தைக்க உட்கார்ந்துவிட்டாள், ஒன்றரை மாதம் யாரிடமும் சொல்லவில்லை. டாக்டரம்மா சொன்ன தேதியில் முதலில் முகூர்த்த சீசன் என்றாள், பதினேழு கல்யாண ஜாக்கெட் கையில் இருக்கிறதாம். இரண்டாவது தேதியில் சளி பிடித்திருக்கிறது என்றாள். மூணாவது தடவை தள்ளாதீங்க, இப்ப எடுத்துட்டா நல்லா வந்துடுவீங்க, அப்புறம் நான் இதே வார்த்தைய சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா, அம்மாவைப் பார்த்து இல்லை, ஆபிதாவைப் பார்த்து. ஏன் என்னைப் பார்த்துச் சொன்னார்? குவைத்தில் இருக்கிற அத்தாவுக்கு, புருஷனுக்கே, சொல்லக் கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கியிருக்கிறாள், அத்தா பாதியில் வந்துவிட்டால் வேலை போய்விடுமாம். ஆகவே இந்த உலகத்தில் அம்மாவை அந்தக் கட்டில் வரை கொண்டுபோக வேண்டிய ஆள் ஆபிதா ஒருத்திதான், அந்த ஒருத்திதான் கட்டிலுக்கு எதிராகப் பேசிக் கேடயம் வாங்கினவள்.

இரண்டாவது கிண்ணம், மூன்றாவது. காத்யாயனி சுருதிப் பெட்டியைப் போட்டாள், அந்தக் கம்பி ரீங்காரத்துக்கு நடுவில் பாடத் தொடங்கினாள், சக்ரவாக ராகம், உடைந்த குரல், மேல் ஸ்தாயிக்குப் போகாமல் கீழேயே சுற்றிச் சுற்றி வருகிற குரல். போலிதான் என்று தீர்ப்புச் சொல்லலாம் என்றால் அந்தக் குரல் போலியாக இல்லை. ரிஷப ஸ்வரத்தில் வந்து நின்றபோது ஆபிதா பாயிண்டுகளை மறந்து கேட்டுக்கொண்டிருந்தாள், அதற்காகவும் கோபம் வந்தது. நன்றாகப் பாடு, யார் வேண்டாம் என்றது, பாட்டு என்று சொல்லிப் பாடு, டிக்கெட் போட்டுக்கூடப் பாடு, ஏன் வைத்தியம் என்கிறாய்? உள்ளே வரும்போது ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, உங்கள் பிரச்சினை என்ன. அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தையல் நோட்டில் அளவு குறிக்கிற அதே குண்டுக் குண்டு எழுத்தில் எழுதினாள்: நெஞ்சில் வலப்பக்கம் சுருதி விலகி இருக்கிறது. ஆபிதா தோளுக்கு மேலாக அதைப் படித்தாள். படித்த கணத்தில் காதுக்குள் ஒரு மாதிரி வெறுமை விழுந்தது, லிஃப்ட் திடீரென்று இறங்கினால் விழுமே, அது. அம்மா, அது நான் எழுதினது. அம்மா, அது டிக்கெட்டுக்குப் பின்னாடி எழுதினது, பதினாலு ரூபா டிக்கெட்டு. சொல்லவில்லை. ஏழு பாயிண்டும் நாக்கில் இருந்தது, இந்த ஒன்று மட்டும் ஏறவில்லை. காத்யாயனி படிவத்தை வாங்கிப் படித்து, அம்மாவை நிமிர்ந்து பார்த்து, ரொம்ப அழகா எழுதியிருக்கீங்கம்மா என்றாள். என் பொண்ணு சொன்னதும்மா என்று அம்மா கையைக் காட்டினாள். பெருமைதான். அந்தப் பெருமையைத்தான் தாங்க முடியவில்லை.

இப்போ உங்க உள்ளங்கைய எங்க வலி இருக்கோ அங்க வைங்க, எல்லாரும் சேர்ந்து ஹூ சொல்லலாம், சூஃபி ஞானிகள் கொடுத்த ஒலி, இதயத்துக்கான அதிர்வெண் என்றாள் காத்யாயனி. ஐந்தாவது பாயிண்ட், இதுதான் அவளுக்குப் பிடித்த பாயிண்ட், இதில் காத்யாயனி ஓடவே முடியாது. ஹூ என்பது அதிர்வெண் இல்லை அம்மணி, இறைவனுக்கு ஒரு பெயர். அவன் என்று அர்த்தம். அவன் யார் என்பதை எடுத்து வெளியே வைத்துவிட்டுக் கூப்பிடுகிற ஒலியை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து கிண்ணத்தோடு சேர்த்து வாசிக்கிறீர்கள். எங்கள் தெருவில் வியாழக்கிழமை மக்ரிப் தொழுகைக்கு அப்புறம் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடி அவன் பெயரையே திரும்பத் திரும்ப திக்ரு சொல்வார்கள், அதில் யாரும் முழங்கால் வலி போக உட்கார்வதில்லை, தன்னை மறக்க உட்கார்கிறார்கள், மறந்தவளுக்கு முழங்கால் ஏது. இதையே அம்மாவிடம் சொல்லிப் பார்த்தாள், கோபமாக, பலகையைப் படித்த அன்றைக்கு. அம்மா ஊசியில் நூல் கோத்துக்கொண்டே, யார் வாயில வந்தா என்னடி, அவன் பேருதானே என்று முடித்துவிட்டாள். இப்போது பதினாறு வாய்கள் ஹூ என்றன, சுருதி சேராமல், வெட்கத்தோடு, குறட்டைக்காரர் ஒரு ஸ்தாயி கீழே. அதற்கு நடுவில் அம்மாவின் குரல் எழுந்தது. வியாழக்கிழமைக் குரல். தெருப் பெண்கள் எல்லாரும் பின்னால் வருவதற்காக முன்னால் போகிற குரல், அதில் அம்மா ஒரு நாளும் பிசகினதில்லை, மாவாட்டுகிற மாதிரி சீராகச் சுற்றும். ஹூ. ஹூ. ஹூ. ஆபிதாவும் சொல்லிக்கொண்டிருந்தாள், எப்போது ஆரம்பித்தாள் என்று தெரியாமல். நான்காவது ஹூ பாதியில் உடைந்தது. அம்மாவுடையது. உடைந்து, காற்றாகி, நின்றது. எல்லாரும் தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தார்கள், அம்மா மட்டும் சொல்லவில்லை. யா அல்லா, இது என்ன, ஏன் நிறுத்தினாள், வலிக்கிறதா? டாக்டரம்மா வலிக்காது என்றார், வலிக்காததுதான் மோசம் என்று வேறு இணையத்தில் ஏதோ பக்கத்தில் படித்தாள், படித்திருக்கக் கூடாது. ஹூ என்கிறார்கள் எல்லாரும். மூச்சு கேட்கவில்லை. இத்தனை சத்தத்தில் மூச்சு எப்படிக் கேட்கும், கேட்காதது சத்தத்தால்தான், சத்தம் நின்றதும் கேட்கும், நிறுத்துங்கள், எல்லாரும் நிறுத்தித் தொலையுங்கள்.

அதற்குப் பதிலாகப் பெரிய வெண்கலத் தட்டை அடித்தாள் காத்யாயனி. அது ஒலியாக வரவில்லை, சுவர் போல வந்தது, தரை தூக்கிப் போட்டது, பல்வரிசை இரண்டும் ஒன்றோடொன்று உரசின. போன வாரம் இன்னொரு ஸ்கேனுக்காக ஒரு குழாய்க்குள் அம்மாவைப் படுக்கவைத்துத் தள்ளினார்கள், ஆபிதா கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்றாள், உள்ளே டம் டம் டம் என்று யாரோ இரும்புக் கதவை உதைக்கிற சத்தம், அம்மாவின் இரண்டு பாதம் மட்டும் வெளியே தெரிந்தது, பாதத்தின் விரல்கள் மடங்கியிருந்தன. எந்தச் சத்தத்துக்கும் அம்மா விரலை மடக்குகிறவள் இல்லை. மறுபடி அடித்தாள். இந்தச் சத்தம் அடங்குவதற்குள் ஒரு பதில் வேண்டும். அம்மா இங்கிருந்து எழுந்து, எனக்குச் சரியாயிருச்சுடி, நாளைக்கு வேணாம் என்று சொன்னால் என்ன செய்வாய்? கையைப் பிடித்து இழுப்பாயா? அழுவாயா? மூன்று வாரம் கழித்து, மூன்று மாதம் கழித்து, டாக்டரம்மா அதே வார்த்தையைச் சொல்ல முடியாத ஒரு நாளில், அந்த வெள்ளை, அந்த வரிசை, வேண்டாம். ஆனால் கைதட்டினார்களே. எழுநூறு பேர் கைதட்டினதை அம்மா பார்த்தாளே. அவ்வளவு பேர் கைதட்டினது பொய்யாக இருக்கும் என்று எந்த அம்மா நினைப்பாள். மூன்றாவது அடி வரவில்லை. தட்டு அடங்க அடங்க மௌனம் பெரிதாகிக்கொண்டே வந்து ஹாலை நிரப்பியது. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினாள். அம்மாவின் மூச்சு கேட்கவில்லை. ஆறு. ஏழு. ஒரு மூச்சுக்கு எத்தனை நேரம்? ஒன்பது. கண்ணைத் திறக்கக் கூடாது. துணிப்பையை ஓர விரலால் தூக்கிப் பார்த்தாள்.

அம்மா விழித்திருந்தாள். துணிப்பை காதுக்குப் பக்கத்தில் கிடந்தது, கண் இரண்டும் கூரையில் குத்தி நின்றன, வாய் இறுக மூடி, மூச்சை அடக்கிவைத்திருந்தாள், தண்ணீருக்குள் இருக்கிறவள் மாதிரி. இடது கை போர்வையை முஷ்டியில் பிடித்திருந்தது. வலது கையைத்தான் ஆபிதா பார்த்தாள். வலி இருக்கிற இடத்தில் வைக்கச் சொன்ன உள்ளங்கை நெஞ்சின் வலப்பக்கத்துக்கு மேலே, தொடாமல், நான்கு விரல் உயரத்தில் நின்றது. கீழே இறங்கப் பார்த்தது, இறங்கவில்லை. சுட்டுவிடும் என்பது மாதிரி. டேப் நின்ற அன்றைக்குப் பிறகு அம்மா அந்த இடத்தைத் தொட்டிருக்கவே மாட்டாள் என்று அப்போதுதான் தோன்றியது. குளிக்கும்போதும், துணி மாற்றும்போதும், தொழுகைக்குக் கை கட்டும்போதும்கூட. அப்படியென்றால் நம்பிக்கை இல்லை இது. பதினாறு பேரில் ஒருத்திகூட இந்த அம்மா அளவுக்கு நம்பாமல் இங்கே படுத்திருக்க மாட்டாள். பட்டிமன்றத்தில் தோற்கடிக்க வேண்டிய பக்கம் என்று ஒன்று இருந்தால்தானே தோற்கடிக்க, இங்கே ஒரு பக்கமும் இல்லை, வெட்டின துணியை மறுபடி ஒட்டவைக்க முடியாது என்று இருபத்தைந்து வருஷம் கத்தரிக்கோல் பிடித்துத் தெரிந்துகொண்ட ஒருத்தி பயந்துபோய்க் கையை அந்தரத்தில் வைத்துக்கொண்டு கிடக்கிறாள். ஆபிதா கையை நீட்டினாள். ஒரு முழ தூரம். போய்ச் சேருமா என்று பயமாக இருந்தது. அம்மாவின் மணிக்கட்டைத் தொட்டாள். அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. அடக்கிவைத்திருந்த மூச்சு வெளியே வந்தது, நீளமாக, சத்தத்தோடு.

வட்டமாக உட்கார்ந்தார்கள். ஒருவருக்குத் தோள் லேசாகிவிட்டதாம், குறட்டைக்காரர் ஒளி பார்த்ததாகச் சொன்னார், அவர் மனைவி, ஆமா நானும் கேட்டேன் என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். அம்மாவின் முறை வந்தபோது நல்லா இருந்துச்சும்மா, முதுகுதான் கொஞ்சம் புடிச்சுக்கிச்சு என்றாள், விருந்துக்குப் போன வீட்டில் சொல்கிற மாதிரி. காத்யாயனி படிவத்தைப் பார்த்துவிட்டு, நெஞ்சுன்னு எழுதியிருக்கீங்களே, டாக்டர்கிட்ட காமிச்சீங்கள்ல என்று கேட்டாள். காமிச்சாச்சு என்றாள் அம்மா. அதன் பிறகு எல்லாரும் ஆபிதாவைப் பார்த்தார்கள். ஏழு பாயிண்டும் அப்படியே இருந்தன, வரிசை கலையாமல், முனை மழுங்காமல். எடுத்துப் பார்த்தாள். ஒன்றும் காத்யாயனிக்கு உரியது இல்லை. எனக்கு ஒண்ணுமில்ல, அம்மாகூட வந்தேன் என்றாள்.

படியில் இறங்கும்போது அம்மா பாதியில் கைப்பிடியைப் பிடித்து நின்றுவிட்டாள். கீழே கடையில் யாரோ திரைச்சீலைத் துணியைச் சர்ரென்று கிழிக்கிற சத்தம் கேட்டது. அம்மா, எனக்கு அன்னிக்குச் சீட்டுல அந்தப் பக்கம் விழுந்துச்சு, அதனாலதான் அப்படிப் பேசினேன் என்றாள் ஆபிதா. ஒரே மூச்சில் சொன்னாள், மேடை மாதிரி இல்லை, முட்டுச்சுவரில் முட்டின மாதிரி இருந்தது. அம்மாவின் முகத்தைப் பார்க்கவில்லை.

"அது தெரியாதாடி எனக்கு," என்றாள் அம்மா. "பெட்டிக்குள்ள கையவுட்டு எடுத்தியே, பார்த்துக்கிட்டுதானே இருந்தேன்."

"அப்புறம் ஏம்மா?"

அம்மா புர்காவின் கையை மணிக்கட்டு வரை இழுத்துவிட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்: "அந்தப் புள்ள ஒருத்தன் பேசினானே, வேர்த்துப் போயி. அவன் அத்தை இன்னும் இருக்காங்களா?"

இருக்காங்க என்று சொன்னால் முடிந்துவிடும். ஒரு வார்த்தை. ஆபிதாவின் வாய் அதற்குப் பழகின வாய், குரலைக்கூட ஏற்ற வேண்டாம், நல்லா இருக்காங்கம்மா, பேரனைத் தூக்கிக்கிட்டுத் திரியுறாங்க என்று விவரமும் வந்து நின்றது நாக்கில், ஒரு பேருந்து டிக்கெட் அளவு. இரண்டு வருஷமாக ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். டீ குடித்திருக்கிறார்கள். அந்த அத்தையை வைத்து எழுநூறு பேரைச் சிரிக்கவைத்த பிறகு ஒரு நாளாவது கேட்டாளா. "தெரியலம்மா," என்றாள். "நான் கேக்கவே இல்ல."

கேளு என்றாள் அம்மா. ஆபிதா போனை எடுத்து செந்தூரனைக் கூப்பிட்டாள். மணி போய்க்கொண்டே இருந்தது. அம்மா இரண்டு படி மேலே நின்று அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், ஸ்கேன் திரையைப் பார்த்த மாதிரி. எட்டு, ஒன்பது, பத்து. எடுக்கவில்லை. இல்லாமல் போயிருந்தால்? பட்டிமன்றம் முடிந்த பிறகு நடுவில் ஒரு வாரம் அவன் வகுப்புக்கு வரவில்லையே, ஊருக்குப் போயிருந்தான் என்றார்களே, எதற்குப் போனான்? தாடியோடு வந்தானா? வந்தானோ? நினைக்க நினைக்கத் தாடி வளர்ந்தது. மணி அறுந்தது.

"வேலையா இருப்பான்," என்றாள் அம்மா. பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துத் திறந்தாள், குடிக்கவில்லை. "நாளைக்கு எத்தனை மணியிலேருந்து தண்ணி குடிக்கக் கூடாதுன்னாங்க?"

ஆபிதாவுக்குக் கேள்வி புரிய நேரம் ஆயிற்று. "நாலு மணியிலேருந்து."

"அப்ப நோன்புல சஹருக்கு எந்திரிக்கிற மாதிரி எந்திரிச்சுக் குடிச்சுக்கறேன்." பாட்டிலை வாயில் வைத்து நிறையக் குடித்தாள். புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "எனக்குப் பயமா இருக்குடி."

எனக்கும் என்று சொல்ல வாயெடுத்தபோது போன் அதிர்ந்தது. முஷ்டிக்குள், அந்தக் கிண்ணங்கள் மாதிரி, வூம் வூம் என்று எலும்பு வழியாக முழங்கை வரை ஏறியது. செந்தூரன் என்று வெளிச்சத்தில் பெயர். எடுத்தால் தெரிந்துவிடும். ஆபிதா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பெயரைப் பார்த்தாள், எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள் மாதிரி நேரம் எடுத்துக்கொண்டு பார்த்தாள், பிறகு மகளின் கையை அப்படியே போனோடு சேர்த்து மூடிப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப எடுக்காதே," என்றாள். "நாளைக்கு முடிஞ்சப்புறம் கேட்டுக்கலாம்."

இரண்டு கைக்குள்ளும் அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நிற்கும்வரை இருவரும் அந்தப் படியிலேயே நின்றார்கள்.